போர்க்காலச் சென்னையும் நம் படைவீரரும்

வெள்ளி விழா மலருக்கு நம் பகுதியின் வரலாறு குறித்துக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு விழாக் குழுவினர் எம்மைப் பணித்தனர். நந்தனம் என்னும் பெயர் வயதில் இளையது. 1952-இல் பிறந்த நந்தன ஆண்டையொட்டி, அன்றைய முதலமைச்சர் இராசாசி அவர்கள் இட்ட பெயர் அது. நந்தனாரை நினைந்து வைத்த பெயரென்று நம் பிள்ளைகளிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர்; அவ்வாறு இருந்திருப்பின் நமக்கும் மகிழ்ச்சியே. பெயர் புதிதாயினும், நந்தனத்தை ஊடறுத்துச் செல்லும் சாலை பழையது. புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து பரங்கிமலைப் படைமுகாமுக்குச் சென்ற மவுண்ட் ரோடு, அதாவது இன்றைய அண்ணா சாலை, இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பட்டாளம் நடந்த வழி. அவ்வழியில் அடையாற்றைக் கடப்பதற்குச் சைதாப்பேட்டையில் 1726-இல் பாலம் கட்டுவித்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகர். மர்மலாங் பாலம் என்று வழங்கிய அதன் இடத்தில் இன்று மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. அச்சாலையில் நடந்த கால்களுள் நம் முன்னோருடைய கால்களும் உண்டு. அவர்கள் சென்றதும் திரும்பியதும் எந்தக் கல்லிலும் முறையாக எழுதப்படவில்லை. ஆதலின் அதனையே எழுதலானோம்.

சென்னை கடற்கரை நகரம்; ஆதலால் போர் பலமுறை கடல் வழியாக இந்நகருக்கு வந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் கப்பலில் வந்து கோட்டையைப் பிடித்தனர். அதே ஆண்டு அடையாற்று முகத்துவாரத்தில், குவிபிள் தீவின் பக்கத்தே, ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையைச் சில நூறு வீரரே கொண்ட பிரெஞ்சுப் படை முறியடித்தது. ஐரோப்பிய முறையில் பயிற்றப்பட்ட சிறுபடை எத்தகைய ஆற்றலுடையது என்பதை ஆங்கிலேயர் அன்று கண்டுகொண்டனர். உள்நாட்டாரைத் திரட்டிப் பயிற்றத் தொடங்கினர். 1758-இல் சென்னைப் படையின் முதற் பட்டாளங்கள் அமைந்தன. 1780 செப்டம்பரில் கோட்டையில் ‘பயனியர்’ கம்பெனிகள் இரண்டு திரட்டப்பட்டன. அவையே பின்னாளில் சென்னைச் சாப்பர் படையாயின. நமது வரலாறு பெரிதும் இந்தச் சாப்பர் படையோடு பிணைந்தது.

சாப்பர் என்பான் போர்க்களத்தின் கொத்தனும் தச்சனும் ஆவான். பாலம் கட்டுதல், பாதை வெட்டுதல், குடிநீர் காணுதல், பகைவன் புதைத்த கண்ணியை அகழ்தல், கோட்டைச் சுவரில் வெடிவைத்தல் ஆகியவை அவன் தொழில். துப்பாக்கியும் தூக்க வேண்டும். மண்வெட்டியும் பிடிக்க வேண்டும். மண்வெட்டி பிடித்தலை இழிவெனக் கருதியோர் தயங்கி நின்ற இடத்தில் நம்மவர் முன்வந்தனர். பறையர் குலத்தார் பெருந்தொகையினராய் இப்படையில் சேர்ந்தமையை ஆங்கிலேயர் தம் நூல்களிலேயே குறித்திருக்கின்றனர். அரசியாரின் பெயர் தாங்கிய அப்படையின் நெடும்பெயர் நம்மவர் வாயில் ‘குயின்சாப்’ எனச் சுருங்கியது. 1834 முதல் அதன் தலைமையிடம் பெங்களூர். இன்றும் அப்படையினரை மற்றப் படையினர் ‘தம்பி’ என்றே அழைக்கின்றனர். முள்வேலியைத் தகர்க்கும் ‘பெங்களூர் டார்பிடோ’ என்னும் குழாய்வெடியை 1912-இல் வடிவமைத்தவர் இப்படையைச் சார்ந்த மெக்கிளின்டாக் என்னும் அதிகாரி. 1944-இல் நார்மண்டிக் கடற்கரையில் நேசநாட்டுப் படைகள் கையாண்ட கருவிகளுள் அதுவும் ஒன்று.

இத்துணைப் பயன்பட்டும் நம்மவர்க்குப் படையில் நிலையான இடம் வாய்க்கவில்லை. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போர்க்குணம் அற்றவர் என்னும் கருத்தினர். பின்னர் அவரே இந்தியப் படை முழுமைக்கும் தளபதியானார். ‘போர்க்குடி’ என்றொரு கொள்கை உருவாயிற்று. வடமேற்கிலுள்ள சில இனத்தாரே வீரர், ஏனையோர் அல்லர் என்பது அக்கொள்கை. பிறப்பால் ஒருவன் வீரன் என்பதும் பிறப்பால் ஒருவன் இழிந்தவன் என்பதும் ஒரே மரத்தின் இரு கிளைகள் அல்லவா? மேற்கே மகார் மக்களைப் படையிற் சேர்ப்பது 1890-களில் நிறுத்தப்பட்டது. தெற்கே சென்னைக் காலாட்படை படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1920-களின் இறுதிக்குள் முற்றிலும் கலைக்கப்பட்டது. 1933-இல் பயனியர் பட்டாளங்களும் கலைந்தன. எஞ்சியது சாப்பர் படை ஒன்றே.

இதற்கிடையில் முதல் உலகப் போர் வந்து போயிற்று. அப்போரைச் சென்னை நினைவுகூர்வது ஒரே ஓர் இரவின் வாயிலாக. 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் ஜெர்மானியப் போர்க்கப்பல் ‘எம்டன்’ துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று ஏறத்தாழ 130 குண்டுகளை வீசியது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பலில் இருந்தவர்களுள் சிலர் மாண்டனர். பத்து நிமிடங்களுக்கெல்லாம் கப்பல் இருளில் மறைந்தது. மறுநாள் முதல் நகரத்தார் கூட்டங்கூட்டமாக இரயிலேறினர். உயர்நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் இதற்கொரு கல்வெட்டு இருக்கிறது. அஞ்சத்தக்க சூழ்ச்சிக்காரனை ‘அவன் பெரிய எம்டன்’ என்று கூறும் வழக்கும் தமிழில் நிலைத்துவிட்டது. அக்கப்பலோ இரண்டு மாதம் கூட நிலைக்கவில்லை. நவம்பர் 9-ஆம் நாள் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலொன்றால் அழிக்கப்பட்டது.

பத்து நிமிடக் குண்டுவீச்சுக்குக் கல்வெட்டும் உண்டு, பழமொழியும் உண்டு. நான்கு ஆண்டுகள் அயல்நாடுகளில் மண் சுமந்தவர்க்கு யாது உண்டு? சென்னைச் சாப்பர்களும், 61-ஆம் பயனியர் பட்டாளத்தாரும், தொழிலாளர் படையினரும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் மெசபடோமியாவுக்கும் சென்றனர். வெயிலிலும் சேற்றிலும் காய்ச்சலிலும் மாண்டனர். போருக்குப்பின் அரசு ஊர்தோறும் சிறு கற்பலகைகள் பதித்தது. இக்கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும் போருக்குச் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்னும் பொருள்பட அமைந்தவை அவை. தமிழ்நாட்டின் ஊர்கள் சிலவற்றில் இன்றும் அவற்றைக் காணலாம். அப்பலகையில் எண் உண்டு, பெயர் இல்லை.

ஊர்ப் பலகையில் இடமில்லாமையால் பெயரை விடுத்தனர் என்று கொள்ளலாம். ஈராக் நாட்டில் எழுப்பப்பட்ட பாஸ்ரா நினைவகத்தைப் பற்றி என்ன சொல்வது? மெசபடோமியாவில் மாண்டு, கல்லறை அறியப்படாதோர் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர்க்காக எழுப்பப்பட்டது அந்நினைவகம். அதில் பிரிட்டானிய வீரர் அனைவரின் பெயரும் பொறிக்கப்பட்டன. இந்தியருள் அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே பொறிக்கப்பட்டன. சாதாரணச் சிப்பாய்களோ பட்டாளத்தின் பெயருக்கு அடியில் வெறும் தொகையாக நின்றனர். நூறாண்டு கழித்து, 2021-இல், போர்க்கல்லறைகளைப் பேணும் காமன்வெல்த் ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப் போரில் மாண்ட ஆசிய, ஆப்பிரிக்க வீரருள் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்க்கு நிகராக நினைவுகூரப்படவில்லை என்றும், அதனினும் பெருந்தொகையினர் பெயரே இன்றி விடப்பட்டிருக்கலாம் என்றும் அது ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. நூறாண்டுக்குப் பிறகேனும் உண்மை ஏட்டில் ஏறியமை நன்றே.

இனி இரண்டாம் உலகப் போர். நம் இல்லங்களில் மூத்தோர் ‘குண்டுக் காலம்’ என்று கூறிவந்தது இதனையே. 1942 மார்ச் 8-இல் ஜப்பானியர் இரங்கூனுக்குள் நுழைந்தனர். ஏப்ரல் 5-ஆம் நாள் கொழும்பில் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. ஒன்பதாம் நாள் திருகோணமலையில் விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று அரசே எண்ணியது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. பள்ளிகள் மூடப்பட்டன. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வீடுகளை வந்த விலைக்கு விற்றுவிட்டு ஊர் போனவர் பலர். தெருவிளக்குகளுக்குக் கறுப்புக் காகிதம் சுற்றினர், பதுங்குகுழிகள் வெட்டினர். குண்டு விழுந்து கூண்டு உடையுமாயின் கொடுவிலங்குகள் வெளிவருமென அஞ்சி, மூர் மார்க்கெட்டை அடுத்திருந்த விலங்குக்காட்சிச் சாலையில் அவற்றைச் சுட்டுக் கொன்றனர். சிங்கமும் புலியும் என்ன குற்றம் செய்தன என்று எம் பாட்டனார் கேட்பதுண்டு.

நகரத்தை விட்டுப் போனவர் கதைகள் நிறைய எழுதப்பட்டுவிட்டன. போகாதவர் யார்? துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், தெருக் கூட்டியவர், கழிவு அகற்றியவர், இரயில்வே கூலிகள், ஆலைத் தொழிலாளர். அவர்கள் போக இயலாமைக்குக் கடமை மட்டும் காரணமன்று. போய்த் தங்குதற்கு ஊரில் நிலமும் இல்லை, வீடும் இல்லை. பெரம்பூர்ப் பக்கிங்காம்-கர்நாடிக் ஆலையின் காக்கித் துணி படைக்கு வேண்டியிருந்தது. தாம்பரம், சோழவரம், அரக்கோணம் முதலிய இடங்களில் போர்விமானங்களுக்கு ஓடுதளம் அமைக்க வேண்டியிருந்தது. கல் உடைத்துச் சுமக்கக் கைகள் தேவைப்பட்டன. பிற்காலத்தில் சோழவரத்து ஓடுதளத்தில் மோட்டார்ப் பந்தயம் நடந்தபோது நகரமே திரண்டு சென்றது. அத்தளத்துக்குச் சல்லி சுமந்தவரை நினைந்தார் எவரும் இரார். சென்னை அஞ்சிய குண்டு ஒருவாறு 1943 அக்டோபரில் வந்தது. ஜப்பானிய விமானம் ஒன்று துறைமுகப் பக்கம் சில குண்டுகளை எறிந்துவிட்டுச் சென்றது. சேதம் சிறிதே. அரிசிப் பஞ்சமும் பங்கீட்டு அட்டையுமே அக்காலத்தின் பெருந்துன்பங்கள்.

போர் முற்றியதும் ‘போர்க்குடி’க் கொள்கை காற்றில் பறந்தது. ஆள் வேண்டும்; எந்தக் குடியாயினும் வேண்டும்! 1941-இல் சென்னைக் காலாட்படை மீண்டும் அமைக்கப்பட்டது. அதே ஆண்டு, அண்ணல் அம்பேத்கர் அவர்களின் இடையறாத வற்புறுத்தலுக்குப்பின், பெல்காமில் மகார் படை தோன்றியது. 1943-இல் வடக்கே சமார் படை அமைந்து பர்மா எல்லையில் போரிட்டது. போருக்கு முன் ஏறத்தாழ இரண்டு இலட்சமாக இருந்த இந்தியப் படை 1945-இல் இருபத்தைந்து இலட்சத்தை எட்டியது. ஆள் தந்ததில் பஞ்சாபுக்கு அடுத்த இடம் சென்னை மாகாணத்துக்கே உரியது. செங்கற்பட்டு, வட ஆர்க்காடு மாவட்டங்களின் சேரிகளிலிருந்து இளைஞர் பலர் சாப்பராகவும் பயனியராகவும் ஓட்டுநராகவும் சமையலராகவும் சென்றனர். பசியினாற் சென்றவர் பலர். பண்ணையாரின் பிடியிலிருந்து தப்பச் சென்றவரும் பலர். எவ்வாறு சென்றாலும் சீருடை அணிந்தனர், காலணி அணிந்தனர். ஊரில் செருப்பணிந்து மேட்டுத் தெருவில் நடக்கக் கூடாதவன் கெய்ரோ நகரத் தெருவில் பூட்ஸ் காலோடு நடந்தான் என்பது சிறிய செய்தி அன்று.

சென்னைச் சாப்பர்கள் ஆப்பிரிக்கப் பாலையிலும் இத்தாலியிலும் பர்மாவிலும் பணியாற்றினர். அவர்களுள் காஞ்சிபுரத்தை அடுத்த ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24-இல் இத்தாலியில் மிஞ்ஞானோ என்னும் இடத்துக்கு அருகே, உடனிருந்தோரைக் காக்கும் பொருட்டு வெடிக்கவிருந்த கண்ணியின்மேல் தாமே பாய்ந்து உயிர் நீத்தார். ஜார்ஜ் கிராஸ் என்னும் உயர்விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. பள்ளிப் பாடநூலில் இவர் பெயர் இடம்பெற வேண்டுமென்பது எம் நெடுநாளைய விருப்பம்.

1945 ஆகஸ்டில் போர் முடிந்தது. அதன்பின் நிகழ்ந்ததே நம் மக்களுக்கு மிகவும் வேண்டிய வரலாறு. இரண்டே ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். சமார் படை 1946-இல் கலைக்கப்பட்டது. படையில் ஓய்வூதியம் பெறச் சிப்பாய்க்குப் பதினைந்து ஆண்டுப் பணி வேண்டும். போர்க்காலத்துக்கென்று மட்டும் சேர்க்கப்பட்டவர்க்கு நான்கு ஆண்டுப் பணியே இருந்தது. கையில் ஒரு சிறு தொகை, மார்பில் இரண்டொரு பதக்கம், ஒரு டிஸ்சார்ஜ் புத்தகம். அவ்வளவே.

உதவித் திட்டங்கள் இல்லாமற் போகவில்லை. முதல் உலகப் போரையடுத்து 1919-இலேயே இந்தியப் படைவீரர் வாரியம் அமைக்கப்பட்டு, அதன்கீழ் மாவட்டந்தோறும் வாரியங்கள் தோன்றியிருந்தன. இரண்டாம் போரின்போது ஒரு நிதியும் தொடங்கப்பட்டது. போரிடும் வீரர் ஒருவர்க்கு மாதம் இரண்டு ரூபாய், போரிடாப் பணியாளர் ஒருவர்க்கு ஒரு ரூபாய் எனக் கணக்கிட்டு 1942 முதல் அரசு ஒதுக்கிவைத்த தொகையே போருக்குப்பிந்தைய படைவீரர் புனரமைப்பு நிதியாக மாகாணங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. போரிடாதவர்க்குப் பாதிக் கணக்கு என்பதை நோக்குக. மண்வெட்டியையும் அகப்பையையும் ஏந்திச் சென்றவருள் நம்மவர் மிகுதி. அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த வயநாட்டில், அம்பலவயல் சுற்றுவட்டத்தில், முன்னாள் படைவீரர்க்கு நிலம் அளிக்கும் குடியேற்றத் திட்டம் வந்தது. மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் மோட்டார்க் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றிப் பேருந்துகள் ஓடின.

இப்பணிகளில் நம் தலைவர்கள் வாளாவிருக்கவில்லை. இரங்கூனில் பிறந்து சென்னையில் வாழ்ந்த அன்னை மீனாம்பாள் சிவராஜ் அவர்கள் போருக்குப்பிந்தைய மறுவாழ்வுக் குழுவில் உறுப்பினராக இருந்தார். 1944 செப்டம்பரில் அண்ணல் சென்னைக்கு வருகை தந்தபோது நடைபெற்ற அட்டவணை இனத்தார் கூட்டமைப்பின் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அவர்தம் கணவர் திரு. என். சிவராஜ் 1945-இல் சென்னை மாநகரின் மேயரானார். படையினின்று திரும்பிய நம் இளைஞர் கண்ட சென்னை, நம்மவர் ஒருவர் மேயர் அங்கி அணிந்திருந்த சென்னை.

எனினும் திட்டம் வேறு, அது வீட்டுக் கதவைத் தட்டுவது வேறு. கடல் கடந்து ஒரு சான்று காட்டுவோம். அமெரிக்க நாடு 1944-இல் ஒரு சட்டம் இயற்றிப் படையினின்று திரும்பியோர்க்குக் கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கடன் ஆகியவற்றுக்கு வழிசெய்தது. சட்டத்தில் நிறவேற்றுமை இல்லை. அதனை நடத்தியவர் உள்ளூர் அலுவலரும் வங்கிக்காரரும் ஆவர். மிசிசிப்பி மாநிலத்து நகரங்களில் 1947-இல் அரசு உறுதியளித்த கடன்கள் மூவாயிரத்துக்கு மேல். அவற்றுள் கறுப்பின வீரர்க்குக் கிடைத்தவை இரண்டு. நம் நாட்டில் இவ்வாறு ஒருவரும் கணக்கெடுத்து வைக்கவில்லை. கிராம முன்சீப்பு கையொப்பமிட்டாலன்றி விண்ணப்பம் செல்லாது என்னும் காலத்தில், சேரிக்குத் திரும்பிய சிப்பாயின் விண்ணப்பம் எவ்வளவு தொலைவு சென்றிருக்கும் என்பதை வாசகர்களே உய்த்துணரலாம்.

இதில் எமக்கு நேரில் கிட்டிய பட்டறிவு ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எம் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் வீட்டுத் தகரப் பெட்டியிலிருந்து பழைய புத்தகம் ஒன்றை எடுத்துவந்து காட்டினான். அவன் கொள்ளுப் பாட்டனாரின் டிஸ்சார்ஜ் புத்தகம் அது. 1942-இல் பயனியர் படையில் சேர்ந்து 1946-இல் ஆட்குறைப்பில் விடுவிக்கப்பட்டவர். நடத்தை நன்று எனக் குறித்திருந்தது. அவருடைய மனைவியார் எண்பது வயதைக் கடந்து உயிரோடிருந்தார். ஓய்வூதியம் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்க்கும் அவர்தம் கைம்பெண்டிர்க்கும் தமிழக அரசு மாதந்தோறும் வாழ்நாள் நிதியுதவி வழங்குவதை அவ்வீட்டில் எவரும் அறியார். யாம் சென்று கூறியபோது அம்மூதாட்டியார், “சர்க்காரு பணம் நமக்கெல்லாம் வருமா சார்? அவரு பட்டாளத்துக்குப் போனதே இந்தத் தெருவில யாருக்கும் தெரியாதே” என்றார்.

விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். இடர் வந்தது பெயரில்தான். படையிற் சேர்த்த எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு ஆங்கில எழுத்தில் பெயரைப் பதிந்திருந்தார். குடும்ப அட்டையிலோ வேறு எழுத்து. இருவரும் ஒருவரே என்பதற்குச் சான்று கேட்டது ஓர் அலுவலகம். அச்சான்று தம் எல்லைக்கு உட்பட்டதன்று என்றது மற்றோர் அலுவலகம். திருமணப் பதிவு ஏது? 1948-இல் நம் சேரியில் யார் பதிந்தார்? பட்டாள எண்ணை வைத்துப் பெங்களூர் ஆவண அலுவலகத்துக்கு எழுதினோம். அங்கிருந்த பழைய ஏட்டில் தந்தையார் பெயரும் ஊரும் சரியாக இருந்தன. அக்கடிதம் வந்தபின்னரே கோப்பு நகர்ந்தது. பதினான்கு மாதங்கள் ஆயின. முதல் மாதத் தொகையில் அவ்வம்மையார் மூக்குக் கண்ணாடி வாங்கிக்கொண்டார். அதன்பின் மூன்றாண்டுகள் வாழ்ந்தார்.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அப்புத்தகம் அப்பெட்டியில் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் அவ்வீட்டில் அந்தச் சிறுவனே. நம் போன்ற கல்விச் சங்கங்கள் எதற்கு என்று வினவுவோர்க்கு யாம் இதனையே சொல்வது வழக்கம்.

படைக்கும் கல்விக்கும் உள்ள உறவு பழையது. அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதார்-மேஜராக இருந்தவர். படைப்பள்ளியில் ஆசிரியராகவும் பணிபுரிந்தவர். படையில் சிப்பாய்க்கும் அவன் பிள்ளைகளுக்கும் கல்வி கட்டாயமாக இருந்ததே தம் குடும்பத்தில் எழுத்தறிவு புகுந்தமைக்குக் காரணம் என்று அண்ணல் குறித்திருக்கிறார். நம் பெருந்தலைவர்களுள் ஒருவரான எம்.சி. இராஜா 1883-இல் பிறந்ததும் பரங்கிமலைப் படைமுகாமின் சூழலிலேதான். அவரும் ஆசிரியராகவே வாழ்வைத் தொடங்கினார். அவர் பெயர் தாங்கிய மாணவர் விடுதி சைதாப்பேட்டையில், நம் கண்ணெதிரே இருக்கிறது. அக்காலத்துச் சேரிகளில் கடிதம் படித்துச் சொன்னவர், மனு எழுதித் தந்தவர் யாரென்று மூத்தோரைக் கேட்டால், ‘மிலிட்டரி தாத்தா’ என்ற விடை பலவிடத்தும் வரும். படையில் ரோமன் எழுத்தில் உருது கற்றவர், அதைக்கொண்டே ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்தார். தெருப்பள்ளிக்கு முதல் கரும்பலகை வாங்கித் தந்தவர் அவ்வாறு திரும்பிய ஒருவரே என்று எம் ஊரில் இன்றும் கூறுவர்.

சுதந்திரத்துக்குப்பின் 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாளாகக் கொண்டாடப்படுகிறது. பள்ளிகளில் சிறு கொடிகளை மாணவர் சட்டையில் குத்தி நிதி திரட்டுதல் தலைமையாசிரியராகிய எம் கடமைகளுள் ஒன்று. ஐந்து ரூபாயும் பத்து ரூபாயுமாகச் சேரும் அத்தொகை எங்கே போகிறது என்று பிள்ளைகள் கேட்பதுண்டு, கேட்கவும் வேண்டும். முன்னாள் படைவீரர்க்கும் போரில் கணவனை இழந்தோர்க்கும் ஊனமுற்றோர்க்கும் கல்வி உதவி, திருமண உதவி, மருத்துவ உதவியாக அது செல்கிறது. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உண்டு. 1986-இல் தமிழக அரசு தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனம் முன்னாள் படைவீரர்க்குக் காவற்பணி முதலிய வேலைகளைத் தருகிறது. நாட்டைக் காத்தவன் பின்னர் வங்கி வாயிலைக் காப்பது சிறுமை என்று சிலர் கூறுவர். மாதச் சம்பளம் வரும் எத்தொழிலும் சிறுமையன்று என்பது எம் கருத்து. ஆனால் சாப்பர் படையில் பாலம் கட்டக் கற்றவனுக்கு அக்கலைக்கேற்ற வேலை கிடைத்தல் இன்னும் நன்று.

சென்னையில் போர் நினைவகங்கள் இரண்டு. ஒன்று கோட்டைக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் உள்ள போர் நினைவுச் சின்னம். முதல் உலகப் போர் வெற்றிக்கென எழுப்பப்பட்டு, பின்வந்த போர்களில் மாண்டோர்க்கும் உரியதாயிற்று. மற்றொன்று நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க்கல்லறைத் தோட்டம். நந்தனத்திலிருந்து பேருந்தில் சிறிது நேரத்தில் சென்றுவிடலாம். இரண்டாம் உலகப் போரில் மாண்ட 855 பேரின் கல்லறைகள் அங்கு வரிசை பிறழாமல் நிற்கின்றன. புல்வெளி மிகத் தூய்மையாகப் பேணப்படுகிறது. ஒவ்வொரு கல்லிலும் பெயரோ, பெயர் அறியாவிடத்து அதற்குரிய குறிப்போ உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஒன்பதாம் வகுப்பு மாணவரை அங்கே அழைத்துச் செல்கிறோம். எரியூட்டப்பட்ட நம் வீரர்க்கு அங்குக் கல் இல்லை. பர்மாவில் மாண்டு கல்லறை அறியப்படாதோர் பெயர்கள் இரங்கூனை அடுத்த தாவுக்யானில், ஏறத்தாழ 27,000 பெயர்களுக்கு நடுவே இருக்கின்றன. திரும்பி வந்து சேரியில் மாண்டவர்க்கு எவ்விடத்தும் இல்லை.

ஆகவே நம் சங்கத்தின் சார்பில் ஒரு பதிவேடு தொடங்கியுள்ளோம். உறுப்பினர் குடும்பங்களில் பாட்டனாரோ முப்பாட்டனாரோ பட்டாளத்தில் இருந்திருப்பின் அவர் பெயர், பட்டாள எண், படைப்பிரிவு, சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள், விடுவித்த காரணம் ஆகிய ஆறும் அதில் எழுதப்படும். பட்டாள எண் தெரியாதவர் பதக்கத்தின் விளிம்பைப் பார்க்கவும். பழைய பதக்கங்கள் பலவற்றில் எண்ணும் பெயரும் விளிம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். சாப்பராக இருந்தவர் ஆவணங்களுக்குப் பெங்களூரில் உள்ள சென்னைப் பொறியியற் படையின் ஆவண அலுவலகத்துக்கும், காலாட்படையில் இருந்தவர்க்கு நீலகிரி வெலிங்டனில் உள்ள சென்னைப் படைப்பிரிவு மையத்துக்கும் எழுத வேண்டும். கடிதம் எழுதத் தயங்குவோர்க்கு யாமும் எம்முடன் பணியாற்றும் ஆசிரியர் சிலரும் எழுதித் தருவோம். ஞாயிறுதோறும் முற்பகலில் சங்கக் கட்டடத்தில் இருப்போம். மூலப் புத்தகத்தை எவரிடமும் விட்டுச் செல்ல வேண்டா. படி எடுத்துக்கொண்டு அப்பொழுதே திருப்பித் தரப்படும்.